ஆல்கஹால் வேறு, மது வேறு

கைகழுவும் சானிடைசர் பற்றிய குறிப்பில் ‘மது கலந்த கிருமிநாசினி’ என்கிறார்கள். அடுத்த செய்தியிலேயே ‘மது கிருமியைக் கொல்லும்’ என்று வந்துவிடுகிறது. கிருமியைக் கொல்வது ஆல்கஹால். மது என்பது ஆல்கஹால் உள்ள குடிவகை.

‘ஆல்கஹால்’ என்ற சொல்லின் வேர் அரபு ‘அல்-குஹ்ல்’, கண்ணுக்கு இடும் மைப்பொடி. நுண்ணிய பொடி என்பது பிறகு வடித்தெடுத்த சாரம் என்றாகி, 16ஆம் நூற்றாண்டில் திராட்சை மதுவின் சாரத்துக்குப் பெயரானது. அந்த வகையில் இலங்கையில் வழங்கும் ‘மதுசாரம்’ பொருத்தமான சொல். ஆனால் அங்கேயும் ‘மதுசாரப் பாவனை’ என்று குடிப்பழக்கத்துக்கே அதைச் செலவழித்துவிட்டார்கள்.

தூய தமிழ் வேண்டுமென்று ஆல்கஹாலை ‘வெறியம்’ என ஆக்கியவர்களிடம்தான் எனக்கு வழக்கு. வெறி தருவது வெறியம் என்றால், கிளிசரினும் வேதியியலில் ஆல்கஹால்தானே, அது யாருக்கு வெறியேற்றியது? முகப்பூச்சுக் களிம்பில் சேரும் சீட்டைல் ஆல்கஹால்? விளைவை வைத்துப் பொருளுக்குப் பெயரிட்டால் இப்படித்தான் இடறும். நச்சு ஆல்கஹாலான மெத்தனாலை ‘மெத்தில் வெறியம்’ என்றால் அதுவும் போதைப் பொருள்தான் என்று தோன்றும். ஆனால் அது உடலுக்குள் பார்மிக் அமிலமாகிக் கண் நரம்பை அழிக்கும். 2020இல் ஈரானில், குடித்தால் கொரோனா அண்டாது என்ற வதந்தியை நம்பி, மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்கள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். வேதியியல் வகுப்பில் ‘ஆல்கஹால்’ அப்படியே இருக்கட்டும். சானிடைசர் சீசாவின் மேல் ‘எத்தனால்’ (மதுவிலும் இருக்கும் ஆல்கஹால் வகை) என்று எழுதினால் குழப்பமே இல்லை.

அளவைப் பாருங்கள். கையில் தேய்ப்பதில் குறைந்தது 60 விழுக்காடு எத்தனால் வேண்டும். இரத்தத்தில் 0.4 விழுக்காடு ஏறினாலே மூச்சு நின்று ஆள் போகலாம். உள்ளிருந்து கிருமியைக் கொல்லும் அளவு என்று ஒன்று கிடையாது. நடப்பது நேர்மாறு: மூச்சுக்குழாயில் சளியை வெளியே தள்ளும் நுண்மயிர்கள் சோர்கின்றன, நுரையீரலில் கிருமியை விழுங்கும் செல்கள் மந்தமாகின்றன, குடல் சுவர் கசிகிறது. ஒரே இரவு அளவுமீறிக் குடித்தாலும் 24 மணி நேரம் வரை நோய் எதிர்ப்பு தளர்ந்திருக்கலாம். நாட்பட்ட குடியர்களை நிமோனியாவும் காசநோயும் அதிகம் பிடிப்பது இதனாலும்தான்.

இன்னொரு கூத்து: பழகிய குடியனுக்குப் போதை ஏறாததை ‘மதுவுக்கு எதிர்ப்பு சக்தி வந்துவிட்டது’ என்கிறார்கள். அது தாங்குதிறன். போதை தெரியாமல் அவன் இன்னொரு குவார்ட்டர் வாங்குவான்; நோய் எதிர்ப்பு சக்தி அதற்கேற்ப இன்னும் குறையும்.