பாக்கெட்டுக்குள் 40 எக்ஸ்: வாங்குவதற்கு முன்

சித்திரைத் திருவிழா நெருங்கினாலே ஸ்டுடியோவுக்கு வருபவர்கள் கேட்பது இதுதான்: "அண்ணே, சட்டைப்பையில அடங்கணும், ஆனா நல்லா ஜூம் ஆகணும். எது வாங்கலாம்?"

ஆசையில் தப்பில்லை. 2018-இல் வந்த கேனான் எஸ்எக்ஸ்740-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். 24 முதல் 960 மில்லிமீட்டர் லென்ஸுக்குச் சமமான வீச்சு. அதாவது நாற்பது மடங்கு, அதைத்தான் 40 எக்ஸ் என்கிறார்கள். மதுரைச் சித்திரை வீதியில் நின்று மீனாட்சியம்மன் கோயிலின் சுமார் 170 அடித் தெற்குக் கோபுரத்தை முழுசாக எடுத்து, நின்ற இடத்திலேயே உச்சியில் உள்ள சுதைச் சிற்பத்தின் முகத்தையும் எடுக்கலாம். பெரிய கேமராவில் இதற்கு முதுகு ஒடியும் அளவுக்குப் பை தூக்க வேண்டும். செல்போனில் காட்டும் 100 எக்ஸ் பெரும்பாலும் வெட்டிப் பெரிதாக்கியது. இதில் லென்ஸே நகர்ந்து இழுத்துத் தருகிறது.

சரி, இவ்வளவு நீளம் எப்படிப் பாக்கெட்டில் அடங்குகிறது? படத்தைப் பதிவு செய்யும் சென்சார் சின்னது என்பதால்தான். ஏறத்தாழ 6.2-க்கு 4.6 மில்லிமீட்டர். கல்யாணத்துக்கு நாங்கள் கொண்டுபோகும் ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 36-க்கு 24. பரப்பில் முப்பது மடங்கு வித்தியாசம். அதோடு, ஜூமை முழுக்க நீட்டும்போது லென்ஸின் திறப்பு எஃப் 3.3-லிருந்து 6.9-க்குச் சுருங்கிவிடும் (எஃப் எண் ஏற ஏறத் திறப்பு சிறுக்கும்). வெளிச்சம் கால் பங்குக்கும் கீழே. எக்ஸ் எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள், இந்த எஃப் எண்ணை யாரும் கேட்பதில்லை.

அழகர் ஆற்றில் இறங்குவது விடியற்காலையில். ஆல்பர்ட் விக்டர் பாலத்திலிருந்து முழு ஜூமில் எடுத்தால் கேமரா ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தை உணரும் அளவை, ஏற்றும். அதனால் படத்தில் புள்ளி விழும், அது தெரியாமலிருக்கக் கேமராவே படத்தை வழித்துவிடும். குதிரை வாகனத்தின் நகாசு வேலையெல்லாம் மெழுகு உருகினாற்போல் ஆகிவிடும். கை நடுக்கத்தை ஸ்டெபிலைசர் தாங்கும், அசையும் கூட்டத்தை அதனால் நிறுத்த முடியாது. போதாக்குறைக்கு, பக்தர்கள் பீய்ச்சும் தண்ணீர். இந்த வகைக் கேமராக்களுக்கு நீர்த்தடுப்பு கிடையாது.

அலங்காநல்லூர் பரவாயில்லை. தை மாத வெயிலில் ஐஎஸ்ஓ 200 வைத்தாலே ஆயிரத்தில் ஒரு நொடி ஷட்டர் கிடைக்கும். ஆனால் வாடிவாசலைத் தாண்டிய மாட்டை ஃபோகஸ் பிடிப்பதற்குள் அது போயே போய்விடும். வாசலிலேயே முன்கூட்டி ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள்.

இவை உண்மையிலேயே பயன்படும் இடம் அரிட்டாபட்டி. 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். குன்றின் விளிம்பில் உட்கார்ந்திருக்கும் வல்லூறு எது என்று அடையாளம் காண இந்தக் கேமரா தாராளமாகப் போதும். அதைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் மாட்ட முடியாது, அவ்வளவுதான். வெளிச்சம் வேண்டுமே என்று நண்பகலில் போகாதீர்கள். பாறை சூடேறினால் காற்றில் கானல் எழும்பிப் படம் நெளியும், எத்தனை லட்சம் ரூபாய் லென்ஸ் போட்டாலும் இதே கதிதான். காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் வேலையை முடித்துவிடுங்கள்.

இன்னொன்று, கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர். எஸ்எக்ஸ்740-இல் அது கிடையாது. மதுரை வெயிலில் திரை தெரியாது, கையை நீட்டிப் பிடித்தால் முழு ஜூமில் பறவை சட்டத்துக்குள் நிற்காது. சோனி எச்எக்ஸ்99 30 எக்ஸ்தான், ஆனால் மேலெழும்பும் வ்யூஃபைண்டர் இருக்கிறது. என்னைக் கேட்டால் அந்தப் பத்து எக்ஸை விட்டுக்கொடுத்துவிடுவேன்.

அப்புறம் தூசி. லென்ஸ் நீண்டு சுருங்கும்போதெல்லாம் காற்றை உள்ளே இழுக்கும், ஜல்லிக்கட்டுப் புழுதியும் வைகை மணலும் அதோடு சேர்ந்தே போகும். லென்ஸைக் கழற்றித் துடைக்க வழியில்லை, கேமராவையே பிரிக்க வேண்டும். பழைய கேமரா வாங்குகிறீர்கள் என்றால் கடையிலேயே ஜூமை முழுதும் நீட்டி, வெளிச்சமான வெள்ளைச் சுவரை எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரே இடத்தில் சாம்பல் பொட்டு திரும்பத் திரும்ப வந்தால், எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம்.