யார் உட்காருகிறார்கள், யார் கேள்வி கேட்கிறார்கள்: மேனூத் கல்லூரியின் முதல் அறங்காவலர்கள்

கல்வி அறக்கட்டளைகளுக்கு ஆவணம் எழுதிக் கொடுப்பதும், சண்டை முற்றிய பிறகு அதே ஆவணத்தைப் பிரித்துப் படிப்பதும் என் தொழில். புதிதாகக் கல்லூரி தொடங்க வருகிறவர்கள் நோக்கங்கள் பகுதியைப் பற்றித்தான் மணிக்கணக்கில் பேசுவார்கள். ஏழைகளுக்குக் கல்வி, ஒழுக்கம், இறைப்பற்று என்று அந்தப் பக்கம் நிரம்பி வழியும். குழுவில் யார் யார், ஒருவர் காலமானால் அடுத்தவரை நியமிப்பது யார், நிர்வாகியைத் தட்டிக்கேட்பது யார் என்ற பக்கங்களுக்கு வந்ததும், "வழக்கமாக எழுதுவதை எழுதிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். என்னிடம் வரும் வழக்குகளில் பெரும்பாலானவை அந்தப் பக்கங்களிலிருந்து முளைத்தவைதான்.

இப்படி வருகிறவர்களுக்கு நான் அயர்லாந்தின் மேனூத் கல்லூரியைப் பற்றிச் சொல்வதுண்டு. டப்ளினுக்கு அருகே உள்ள அந்தக் கத்தோலிக்கக் கல்லூரி 1795-ல் தொடங்கியது. பணம் கொடுத்ததோ புராட்டஸ்டன்ட் அரசு! கத்தோலிக்கர் உறுப்பினராகவே முடியாத அயர்லாந்து நாடாளுமன்றம்தான் அதற்கான சட்டத்தை நிறைவேற்றி, 8,000 பவுண்டும் ஒதுக்கியது. திடீரென்று ஏன் இந்தக் கரிசனம்? அதுவரை அயர்லாந்துப் பாதிரியார்கள் பாரிஸ், டுவே, சலமாங்கா போன்ற ஊர்களில் படித்துவிட்டு நாடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். பிரெஞ்சுப் புரட்சி வந்ததும் பிரான்சில் இருந்த கல்லூரிகள் மூடப்பட்டன. ஆயர்களுக்குப் பாதிரியார்களைப் படிக்க வைக்க இடமில்லை. அரசுக்கோ, வெளிநாடு போகிற இளைஞர்கள் புரட்சிக் கருத்துகளோடு திரும்பி வந்துவிடுவார்களே என்ற கவலை. இரண்டு தரப்புக்கும் ஒரே நேரத்தில் ஒரு கல்லூரி தேவைப்பட்டது.

அந்தச் சட்டம் அமைத்த அறங்காவலர் குழுவை உட்கார்ந்து கவனிக்க வேண்டும். மொத்தம் 21 பேர். கத்தோலிக்கத் திருச்சபையின் தரப்பில் நான்கு பேராயர்கள் உட்பட 11 பேர். பிங்கால் பிரபு போன்ற, பாதிரியார் அல்லாத கத்தோலிக்கப் பொதுநிலையினர் 6 பேர். மீதி 4 பேர் பதவிவழி உறுப்பினர்கள்: நாட்டின் மூத்த நீதிபதியான லார்ட் சான்சலரும், உயர் நீதிமன்றங்கள் மூன்றின் தலைமை நீதிபதிகளும். இந்த நால்வரும் புராட்டஸ்டன்டுகள். அதிலும் அன்றைய லார்ட் சான்சலர் ஜான் பிட்ஸ்கிப்பன், கத்தோலிக்கருக்கு அரசியல் உரிமை கொடுப்பதைக் கடைசிவரை எதிர்த்தவர். அவரும் கத்தோலிக்கக் கல்லூரியின் அறங்காவலர்!

ஆயர்கள் ஏன் ஒப்புக்கொண்டார்கள் என்று என் கட்சிக்காரர்கள் கேட்பார்கள். பணம் கொடுப்பவர் நாற்காலியும் கேட்பார். அது 1795-ல் மட்டும் நடந்ததல்ல. அரசின் பிடி கல்லூரிக்குள் நுழைவதைப் பற்றி அரசியல் சிந்தனையாளர் எட்மண்ட் பர்க் அப்போதே எச்சரித்தார். ஆனால் ஆயர்கள் முழுவதையும் விட்டுக்கொடுத்துவிடவில்லை என்பதுதான் என் கருத்து. கல்லூரியின் விதிமுறைகளுக்கு வைஸ்ராயின் ஒப்புதல் வேண்டும் என்றது சட்டம். சமய வழிபாடு, கோட்பாடு சார்ந்தவற்றுக்கு விலக்கு அளித்தது. காலியாகும் இடங்களை மீதமுள்ள அறங்காவலர்களே கத்தோலிக்கர்களைக் கொண்டு நிரப்பிக்கொள்ளலாம். நீதிபதிகள் பதவி இருக்கும்வரைதான் உறுப்பினர்கள். குழுவில் அவர்கள் எண்ணிக்கை நாலுக்கு மேல் ஏறவே வழியில்லை. எண்ணிப் பார்த்து எழுதிய பிரிவு அது. இன்று நான் பார்க்கும் பல ஆவணங்களில், காலியிடத்தை நிரப்புவது யார் என்பதே இருப்பதில்லை. ஓர் அறக்கட்டளையில் மூவரில் ஒருவர் இறந்துவிட, மிஞ்சிய இருவரும் ஆளுக்கொரு பெயரைச் சொல்லிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் முறைத்துக்கொண்டு இருந்தார்கள். வங்கிக் காசோலையில் இருவர் கையெழுத்து வேண்டும் என்பதால் ஆசிரியர்களின் சம்பளம் நின்றது.

மேனூத்திலும் ஓட்டை இல்லாமல் இல்லை. கல்லூரியை நடத்திய முதல் தலைவர், அதாவது முதல்வர், தாமஸ் ஹஸ்ஸி; லண்டனில் ஸ்பெயின் தூதரகத்தின் சமய குருவாக இருந்தவர். அரசியல் வட்டாரத்தில் செல்வாக்கு மிக்கவர். சட்டத்தில் அறங்காவலராகப் பெயர் குறிப்பிடப்பட்டவரும் அவரே. குழுவின் உறுப்பினரும் அவர், குழுவுக்குப் பதில் சொல்ல வேண்டிய தலைவரும் அவர். போதாக்குறைக்கு 1797-ல் வாட்டர்போர்டு மறைமாவட்ட ஆயராகவும் ஆனார். மூன்று தொப்பி, ஒரு தலை. 1798-ல்தான் அவருக்குப் பின் பீட்டர் பிளட் தலைவரானார். உங்கள் கல்லூரியிலும் முதல்வரே அறங்காவலராக இருந்தால், அவருடைய சம்பளத்தையோ பதவி நீட்டிப்பையோ பேசும் கூட்டத்தில் அவர் வெளியே போகிறாரா என்று தீர்மானப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். "முதல்வர் இந்தப் பொருளின்போது கூட்டத்தில் இல்லை" என்ற வரியை நான் மிக அரிதாகவே பார்க்கிறேன்.

1799-ல் கல்லூரிக்கான மானிய மசோதாவை அயர்லாந்துப் பிரபுக்கள் சபை தள்ளுபடி செய்தது. முன்னின்று எதிர்த்தவர், அதற்குள் கிளேர் பிரபு ஆகிவிட்ட அதே பிட்ஸ்கிப்பன். அறங்காவலர் ஒருவரே தன் கல்லூரியின் மானியத்துக்கு உலை வைத்தார் என்றால், அந்த நாற்காலியின் பொருள்தான் என்ன?

அடுத்த ஆண்டே விடை வந்தது. 1800-ம் ஆண்டுச் சட்டம் நான்கு நீதிபதிகளையும் அறங்காவலர் குழுவிலிருந்து எடுத்துவிட்டது. குழு 17 பேராயிற்று: 11 ஆயர்கள், 6 பொதுநிலையினர். நீதிபதிகள் வெளியே நின்று பார்க்கும் மேற்பார்வையாளர்கள் ஆனார்கள். அவர்களோடு அர்மா, டப்ளின் பேராயர்களும் பிங்கால் பிரபுவும் சேர்க்கப்பட்டார்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். சமயக் கோட்பாடு, ஒழுங்கு சார்ந்த விஷயங்களில் கத்தோலிக்க மேற்பார்வையாளர்களுக்கு மட்டுமே அதிகாரம். நடத்துகிறவர் வேறு, சோதிக்கிறவர் வேறு என்று பிரித்த இந்தத் திருத்தத்தைத்தான் நான் எல்லோருக்கும் காட்டுகிறேன். ஆனால் அந்தப் பிரிப்பு முழுமையாக இல்லை என்பதும் உண்மை: பேராயர்களும் பிங்காலும் இரண்டு பட்டியலிலும் இருந்தார்கள். இன்றைய தணிக்கையாளர் யாரும் அதை ஏற்கமாட்டார்.

பணத்தின் சிக்கல் மட்டும் தீரவில்லை. மானியத்தை நாடாளுமன்றம் ஒவ்வோர் ஆண்டும் வாக்களித்துத் தர வேண்டியிருந்ததால், ஒவ்வோர் ஆண்டும் கல்லூரியின் தலைக்கு மேல் விவாதம் நடந்தது. 1845-ல் பிரிட்டிஷ் பிரதமர் ராபர்ட் பீல் அதை ஆண்டுக்கு 26,360 பவுண்டு நிரந்தர மானியமாக்கினார். கட்டடத்துக்கு 30,000 பவுண்டு தனி. இங்கிலாந்தில் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. பீலின் அமைச்சரவையில் இருந்த கிளாட்ஸ்டன் இந்தத் திட்டத்தை முன்னிட்டே பதவியைத் துறந்தார்; ஆனால் நாடாளுமன்றத்தில் மசோதாவுக்கு ஆதரவாகவே வாக்களித்தார். பிற்பாடு அவர் பிரதமராக இருந்தபோது வந்த 1869-ம் ஆண்டுச் சட்டம் மானியத்தையே முடித்து, 14 ஆண்டுத் தொகையை மொத்தமாகக் கொடுத்துக் கணக்கை நேர் செய்தது.

1845-ம் ஆண்டுச் சட்டத்தில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. அறங்காவலர்களுக்கு ஒரே சட்ட ஆளுமை கிடைத்தது; அதாவது சட்டத்தின் கண்ணில் குழு முழுவதும் ஒரே நபர். சொத்து வைத்துக்கொள்ள அந்த அமைப்பின் பெயர் போதும். தனி மனிதர்கள் பெயரில் நிலம் இருந்தால் ஒவ்வொரு மரணத்துக்கும் வாரிசுகளின் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். உங்கள் கல்லூரியின் நிலப் பத்திரத்தை எடுத்து, வாங்கியவர் என்ற இடத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பாருங்கள். இறந்துபோன நிறுவனரின் பெயராக இருந்தால், அடுத்த குழுக் கூட்டத்துக்குக் காத்திருக்காமல் வழக்கறிஞரை அழையுங்கள்.