டிசி வாங்குவதற்கு முன்னால் ஒரு இரண்டு வாரம்

வெள்ளிக்கிழமை சாயங்காலம், கடைசி ஆளாக வந்தார்கள். அம்மா, அப்பத்தா, நடுவில் தலையைக் குனிந்துகொண்டு பத்தாம் வகுப்புப் பையன். உட்காரச் சொல்வதற்குள்ளேயே அம்மா ஆரம்பித்துவிட்டார். "இவனுக்குப் பள்ளிக்கூடமே ஒத்துக்கலை மேடம். ஆன்லைன்ல சேத்துரலாம்னு முடிவு பண்ணிட்டோம், திங்கக்கிழமை டிசி வாங்கப் போறோம். ஒழுங்காப் படின்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும்." அப்பத்தாவுக்கு இதில் சம்மதமில்லை என்பது அவர் சுருக்குப்பையை இறுக்கிப் பிடித்திருந்ததிலேயே தெரிந்தது. "ஏன் ஆத்தா, வாத்தியார் பொட்டிக்குள்ள இருந்தா இவன் எந்திரிச்சு நிப்பானா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். பையன் லேசாகச் சிரித்தான். அன்று அவன் முகத்தில் நான் பார்த்த ஒரே அசைவு அதுதான்.

காரைக்குடியில் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசகராக இருக்கிறேன். கொரோனா காலத்துக்கு அப்புறம் இப்படி டிசியும் கையுமாக வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். (இங்கே சொல்லும் பிள்ளைகளின் அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, எந்த ஆன்லைன் பள்ளி நல்லது என்பது. நான் திருப்பிக் கேட்பது, காலை எட்டரையிலிருந்து சாயங்காலம் நாலு வரை உங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது. இதைக் கேட்டதும் பாதிப் பேருக்கு முகம் மாறிவிடும்.

பள்ளிக்கூடம் பாடம் மட்டும் நடத்துவதில்லை. பிள்ளையை ஆறரைக்கு எழுப்பிக் குளிக்க வைப்பது, மணியடித்து உட்கார வைப்பது, மணியடித்து எழுப்பி விடுவது, பக்கத்தில் ஒருவனை உட்கார வைத்துச் சண்டையும் சமாதானமும் பழக்குவது, முகம் வாடியிருந்தால் 'என்னடா சாப்பிடலையா' என்று கேட்க ஒரு டீச்சரை வைத்திருப்பது, இது எல்லாமே அதன் வேலை. சத்தமில்லாமல் நடப்பதால் நம் கண்ணில் படுவதில்லை. டிசி வாங்கிய மறுநாள் இது மொத்தமும் வீட்டுத் தலையில் இறங்குகிறது. நம் பக்கத்திலோ வீடு பெரிசு, ஆள் கம்மி. அப்பா சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பார், அம்மா வேலைக்குப் போவார், முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று நீண்டு கிடக்கிற வீட்டில் ஒரு வயதானவரும் ஒரு பதினைந்து வயதுப் பையனும்.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டுக்கு நானே போய்ப் பார்த்தேன். ஆன்லைன் பள்ளியில் சேர்ந்து நாலு மாதம் ஆன பையன். பழைய வீடு, அந்தக் கனத்த சுவரைத் தாண்டி வைஃபை உள்கட்டுக்கு வருவதில்லை. அதனால் முகப்பில் ஒரு மேசை போட்டுக் கொடுத்திருந்தார்கள். தெருவில் போகிறவர்கள் எல்லாம் 'என்னப்பா, பள்ளிக்கூடம் போகலையா' என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் போவார்கள். நாலு நாள் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறான், ஐந்தாம் நாள் மேசையை விட்டுவிட்டு செல்போன் டேட்டாவோடு உள்ளே இருக்கும் இருட்டறைக்குப் போய்விட்டான். நான் போனபோது மணி பதினொன்றரை. வகுப்பு ஓடிக்கொண்டிருக்கிறது, கேமரா அணைத்திருக்கிறது, ஸ்கிரீனில் பெயரின் முதலெழுத்து மட்டும் ஒரு வட்டத்துக்குள் தெரிகிறது, பையன் தலையணையில் முகம் புதைத்துத் தூங்குகிறான். ஆயா, அதாவது அவன் பாட்டி, வெளியே ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "சத்தம் போடாதீங்க, படிக்கிறான்" என்று என்னிடம் கிசுகிசுத்தார். அவர் பொய் சொல்லவில்லை, வாத்தியார் குரல் கேட்டுக்கொண்டுதானே இருந்தது!

பையனையும் திட்ட முடியாது. இந்த வயதில் உடம்பு தூக்கத்துக்குத் தயாராகும் நேரமே ஒன்றிரண்டு மணி நேரம் பின்னால் தள்ளிப்போகும், ஆனால் தேவைப்படும் தூக்கம் எட்டிலிருந்து பத்து மணி நேரம். இதுவரை பள்ளி வேன் இழுத்துப் பிடித்திருந்தது. வேன் நின்றதும் ராத்திரி ஒன்று, இரண்டு என்று வண்டி சரிகிறது. அடுத்த மாதம் பகலே ராத்திரியாகிவிடும்.

இதைச் சொன்னால் ஒரு அப்பா என்னிடம் வாதாடினார். "நம்ம ஊர்ப் பையன்க பதினாலு, பதினஞ்சு வயசுல பள்ளிக்கூடத்த விட்டுட்டு பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிப் போகலையா?" போனார்கள், மறுக்கவில்லை. ஆனால் அங்கே வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது தொழில் பழகும் கடைப் பையனாகச் சேர்ந்தவன் தனியறையில் உட்காரவில்லையே. பெட்டியடியில், கடைப் பொறுப்பாளரான மேலாளுக்கு எதிரே உட்கார்ந்து, விடியற்காலை எழுந்து கூட்டிப் பெருக்குவதிலிருந்து ராத்திரி பேரேட்டில் காலணா இடிக்காமல் கணக்கு முடிப்பதுவரை ஆள் முகம் பார்த்துக் கற்றான். பள்ளிக்கூடம் இல்லாமலும் பிள்ளை கற்றுக்கொள்ளும், நான் அதற்கு எதிரியே கிடையாது. எதிரே ஆள் இல்லாமல் கற்பதுதான் கடினம்.

சரி, அந்த வெள்ளிக்கிழமைப் பையனுக்கு வருகிறேன். அம்மாவையும் அப்பத்தாவையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு நான் ஏன் என்று கேட்கவில்லை. ஏன் என்று கேட்டால் பிள்ளைகள் 'பிடிக்கல' என்பார்கள், கதை முடிந்தது. ஒரு தாளைக் கொடுத்து, காலை எழுந்ததிலிருந்து சாயங்காலம் வீடு திரும்புகிற வரை மணிவாரியாக எழுதச் சொன்னேன், எந்த மணியில் வயிறு வலிக்கிறது என்று புள்ளி வைக்கச் சொன்னேன். (காலையில் வயிற்றுவலி, ஞாயிற்றுக்கிழமை வலி கிடையாது. இது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. ஆனாலும் முதலில் டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் என்னிடம் வர வேண்டும்.) கணக்குப் பாடத்தில் புள்ளி இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை. இரண்டே இரண்டு புள்ளிகள். காலை 7.40, சாயங்காலம் 4.15. இரண்டுமே வேன்.

பின் சீட்டில் பிளஸ் ஒன் பையன்கள் நாலு பேர். அவர்கள் அவனுக்கு வைத்திருந்த பெயரை இங்கே எழுத மாட்டேன். எட்டு மாதமாக நடந்திருக்கிறது. பாடத்தோடு அவனுக்குப் பிரச்சினையே இல்லை, அந்த இருபத்தைந்து நிமிடத்தோடுதான். இதற்குப் போய்ப் பள்ளியையே விட்டிருந்தால், அந்த நாலு பேர் ஜெயித்தார்கள் என்பது மட்டும்தான் அவனுக்குப் பாடமாக மிஞ்சியிருக்கும்.

எல்லாக் கதையும் வேனில் முடிவதில்லை. சில பிள்ளைகளுக்கு எழுத்து குழம்பும், டிஸ்லெக்சியா என்று கண்டுபிடிக்கவே ஒன்பதாம் வகுப்பாகிவிடும். அவர்களுக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஒரு ஆள் என்று சலுகைகள் இருக்கின்றன, முறையாகச் சான்றிதழ் வாங்கினால் போதும். சிலருக்கு மனச்சோர்வு. அவர்களைத் தனியறைக்கு மாற்றுவது நோய்க்குத் தீனி போடுகிற மாதிரி. பிள்ளை யாரோடும் பேசாமல் ஒடுங்குகிறது, சாப்பாடு குறைகிறது, செத்துப்போகலாம் போலிருக்கிறது என்ற பேச்சு வருகிறது என்றால் பள்ளிப் பேச்சை ஒதுக்கி வைத்துவிட்டு அன்றைக்கே மனநல மருத்துவரிடம் போங்கள். ராத்திரி நேரமென்றால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

அடுத்தது சான்றிதழ். விளம்பரத்தில் 'ஆன்லைன் ஸ்கூல்' என்று வருவதில் பல வெறும் டியூஷன்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எந்த வாரியத்தின் பெயர் இருக்கும் என்று எழுத்தில் கேளுங்கள், பதில் வழவழா கொழகொழா என்று வந்தால் போனை வைத்துவிடுங்கள். நேரான வழி, மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் வரும் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், எல்லோரும் என்ஐஓஎஸ் என்பார்களே, அது. 1989-லிருந்து இருக்கிறது. பத்தாம் வகுப்புக்கு 14 வயது, பன்னிரண்டுக்கு 15 வயது நிறைந்திருக்க வேண்டும். ஐந்து பாடம், ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என்று வருடத்துக்கு இரண்டு முறை தேர்வு, ஒரு முறை பதிந்தால் ஐந்து வருடம் செல்லும். வீட்டிலிருந்து படித்தாலும் தேர்வை மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும், அறிவியல் செய்முறையும் அப்படியே. பத்து முடித்த அடுத்த வருடமே பன்னிரண்டை முடித்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், நடுவில் இரண்டு வருட இடைவெளி விதி உண்டு.

அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளையின் பெற்றோருக்குத் தனியாக ஒன்று. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால்தான் மருத்துவத்தில் 2020-லிருந்தும் பொறியியலில் 2021-லிருந்தும் கிடைக்கிற 7.5 சதவீத ஒதுக்கீடு. கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் வருகிற புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களும் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் படிப்பைப் பார்த்துத்தான் தருகிறார்கள். நடுவில் எடுத்தால் இந்தச் சங்கிலி அறுந்துபோகும். இதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை.

நன்றாக நடந்ததையும் சொல்ல வேண்டும். பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு பெண், பதினாறு வயது, மூட்டுவாதம். காலையில் விரல்கள் மடங்கவே ஒன்பதரை ஆகிவிடும், பள்ளிப் பேருந்தோ ஏழரைக்கு. அவளுக்குத் திறந்தநிலைப் பள்ளி சட்டை மாதிரிப் பொருந்தியது. ஐந்து பாடத்தையும் ஒரே மூச்சில் எழுதாமல், அக்டோபரில் இரண்டு, ஏப்ரலில் மூன்று என்று பிரித்து எழுதினாள். ஆனால் அந்த வீட்டில் ஐயா, அவள் தாத்தா, இருந்தார், ஓய்வுபெற்ற கணக்குப்பிள்ளை. பத்தரைக்கு அவள் பட்டாலைக் கூடத்தில் புத்தகத்தைத் திறந்தால் அவரும் எதிரே ஏதாவது ஒரு பழைய கணக்கு நோட்டைத் திறந்துகொண்டு உட்காருவார். பாடம் சொல்லித் தரவில்லை, ஒரு வார்த்தை பேசவுமில்லை, அவள் மூடும் வரை அவரும் மூட மாட்டார். சாயங்காலம் நாலரைக்கு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட், விரலுக்கும் பயிற்சி, ஆள் முகம் பார்த்த மாதிரியும் ஆயிற்று. மேலாளும் பெட்டியடிப் பெண்ணும் என்று நான் கேலி செய்வேன்.

எல்லோர் வீட்டிலும் அப்படி ஒரு ஐயா இருக்க மாட்டார். அதனால்தான் டிசி வாங்குவதற்கு முன்னால் இரண்டு வாரம் ஒத்திகை பாருங்கள் என்கிறேன். மே மாத லீவில் வையுங்கள். உண்மையான நேரத்துக்கு எழுந்து, குளித்து, மேசையில் உட்கார்ந்து, நாலு மணி நேரம் படிப்பு, போன் வேறு அறையில், சாயங்காலம் வெளியே ஒரு மணி நேரம், எதிரே யாராவது ஒருவர். அந்த ஒருவர் லீவு போட்டுத்தான் இருக்க வேண்டியிருந்தால் அதுவே உங்களுக்கு ஒரு பதில். பத்தாம் நாளில் பையன் எத்தனை மணிக்கு எழுகிறான் என்று பாருங்கள், முதல் மூன்று நாளை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், முதல் மூன்று நாள் எல்லாப் பிள்ளையும் தங்கம்தான். வாங்கிய டிசியை மறுபடி உள்ளே கொடுப்பது, அதுவும் பத்தாம் வகுப்பு நடுவில், எவ்வளவு கஷ்டம் என்பது அலைந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அந்தப் பையன் வீட்டில் ஒத்திகைக்கே அவசியம் வரவில்லை. பள்ளியில் தலைமையாசிரியரிடம் பேசினோம். முதலில் 'பசங்கன்னா அப்படித்தான்' என்றார், அம்மா எழுதிக் கொண்டுவந்த தேதிகளைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்லவில்லை. வேனை நிறுத்திவிட்டு சைக்கிள் வாங்கினார்கள். தை மாதம் அப்பத்தா தனியாக வந்து, ஒரு தூக்குவாளி நிறைய வெள்ளைப் பணியாரம் வைத்துவிட்டுப் போனார். பேரன் இன்னும் கணக்கில் நாற்பதுதான் எடுக்கிறானாம். "ஆனா வகுத்துவலிங்கிறதே இல்ல ஆத்தா" என்றார்.