கண்மாய்க் களியும் சுக்கான் கல்லும்

வைகாசி மாதம் ராமநாதபுரம் மாவட்டத்துத் தேவிபட்டினம் பக்கத்துக் கண்மாய் ஒன்றுக்குள் இறங்கி நடந்தால், வெடிப்புகளுக்கு முன்னால் கோடுகள்தான் கண்ணில் படும். தண்ணீர் உள்ளே வரும் பக்கத்துச் சரிவில், ஒன்றுக்குக் கீழே ஒன்றாகப் படிபடியாக இருக்கும். தையில் தண்ணீர் இந்த மட்டத்தில் நின்றது, மாசியில் இதற்குக் கீழே, பங்குனியில் இன்னும் கீழே. அலை தட்டிக்கொண்டிருந்த இடத்தில் கொஞ்சம் மணலும் நத்தை ஓடுகளும் ஒதுங்கியிருக்கும். கீழே போகப் போக மண் நைசாகிக்கொண்டே வரும். மடைக்குப் பக்கத்தில், கடைசியாகத் தண்ணீர் கிடந்த பள்ளத்தில், காலை வைத்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும் கருங்களி.

ஒரு கண்மாய் ஆறு மாதத்தில் செய்து காட்டும் இந்த வேலையைப் பெரிய ஏரிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் எடுத்துச் செய்கின்றன. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பனியுகத்தில் போன்வில் என்றொரு ஏரி இருந்தது. ஆழம் 300 மீட்டருக்கு மேல். இன்றைய கிரேட் சால்ட் லேக் அதன் மிச்சம்தான். அங்கே மலைச் சரிவுகளில் அந்த ஏரி நின்ற மட்டங்கள் திண்ணை கட்டியது போல இன்றும் வரிசையாகத் தெரிகின்றன. இவற்றைத்தான் ஏரிப் படித்தளங்கள் என்கிறார்கள். பழைய கரையோரங்களில் சரளையும் மணலும், தாழ்ந்த தளங்களில் சுண்ணாம்பு கலந்த களியும் கிடக்கும். நம் கண்மாய்ச் சரிவின் அதே வரிசை.

ராமநாதபுரத்தில் பனியுக ஏரி எதுவும் கிடையாது. ஆனால் 258 கிலோமீட்டர் ஓடிவரும் வைகை இங்கே வந்துதான் ஓய்கிறது. வழியிலுள்ள கண்மாய்களுக்குப் பிரித்துக் கொடுத்தது போக மிச்சத்தை ராமநாதபுரம் பெரிய கண்மாயில் இறக்கிவிட்டு, வெள்ள வருடங்களில் மட்டும் ஆற்றங்கரை அருகே பாக் நீரிணையைத் தொடும். அப்புறம், பழைய கடற்கரை மணல்மேடுகளுக்கு நடுவே சிக்கிக்கொண்ட தாழ்வுகளும் இருக்கின்றன. ஆக, மண் சுமந்து வந்த தண்ணீர் அசையாமல் நிற்கிறது, மேலே வெயில் காய்கிறது. இந்த மண்ணுக்கு வேண்டியது இவ்வளவுதான்.

தண்ணீர் ஏன் அசையாமல் நிற்க வேண்டும்? ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஒரு பிடி வயல் மண்ணைப் போட்டு, மழைத்தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ ஊற்றி, நன்றாகக் குலுக்கி வையுங்கள். பாட்டிலைக் கீழே வைத்துக் கையை எடுப்பதற்குள் மணல் இறங்கிவிடும். சமைத்துச் சாப்பிட்டு வருவதற்குள் வண்டல் இறங்கும். களி இறங்காது. களித்துகள் என்பது 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது. அந்த எல்லை அளவில் உள்ள துகளே 10 சென்டிமீட்டர் இறங்கச் சுமார் 8 மணி நேரம் ஆகும். அதைவிடப் பொடியானவை நாள்கணக்கில் மிதக்கும். ஓடுகிற தண்ணீரில் இவை எங்கே படியப்போகின்றன? ஓர் இடத்தில் ஆளுயரத்துக்குக் களி கிடக்கிறதென்றால், அங்கே தண்ணீர் நெடுங்காலம் சும்மா நின்றிருக்கிறது என்று அர்த்தம்.

அந்தப் பாட்டிலை எறிந்துவிடாதீர்கள். மறுநாள் காலை மேல்தண்ணீர் தெளிந்திருக்கிறதா, இல்லை டீ மாதிரி கலங்கியே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

களி என்றால் எல்லாம் ஒரே களி இல்லை. பானை வனைகிற களி ஒரு வகை. பாளம் பாளமாக வெடிக்கிற நம் ஊர்க் கருங்களியில் மாண்ட்மோரிலோனைட் வகைக் கனிமங்கள் அதிகம். சிலிக்காவும் அலுமினாவும் சேர்ந்த மெல்லிய தகடுகள், அப்பளக் கட்டு போல அடுக்கியிருக்கும். ஒரு தகட்டின் தடிமன் சுமார் ஒரு நானோமீட்டர். இரண்டு தகடுகளுக்கு நடுவே தண்ணீர் நுழைந்து அவற்றைத் தள்ளிவைக்கும், காய்ந்தால் வெளியேறும். இந்த வகையில் ஒரே ஒரு கிராம் களியின் தகட்டுப் பரப்பை எல்லாம் விரித்துப் போட்டால் 700 முதல் 800 சதுர மீட்டர் வரும். ஒரு கிரவுண்ட் மனை 223 சதுர மீட்டர். அதாவது, ஒரு சிட்டிகை மண்ணுக்குள் மூன்று கிரவுண்டுக்கு மேல் மடித்து வைத்திருக்கிறது. அவ்வளவு பரப்பிலும் தண்ணீர் ஒட்டும்.

ஒட்டிய தண்ணீர் போகும்போது மண் சுருங்குகிறது. சுருங்கினால் கிழியத்தானே வேண்டும்? கோடையில் கரிசல் வெடிப்புக்குள் ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள், ஒரு மீட்டர் வரைகூட இறங்கும். மேலே உதிர்கிற பொடி மண் வெடிப்புக்குள் விழுகிறது. மழை வந்து களி ஊதும்போது அந்தப் பொடிக்கும் சேர்த்து இடம் வேண்டியிருப்பதால், அடிமண் பக்கவாட்டில் நெரிந்து ஒன்றின்மேல் ஒன்று வழுக்குகிறது. இந்த நிலத்தில் கிணறோ அஸ்திவாரமோ தோண்டும்போது வெளிவரும் கட்டிகளைத் திருப்பிப் பார்த்தால், சில முகங்கள் கையால் பூசி மெழுகியது போல வழவழவென்று பளபளக்கும். மண் தன்னைத்தானே உரசிக்கொண்ட இடம் அது. ஏர் பூட்டாமலே இந்த மண் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னை உழுதுகொள்கிறது என்று சொல்வார்கள். மிகையில்லை.

முதல் மழைக்கும் மூன்றாம் மழைக்கும் இந்த மண் நடந்துகொள்ளும் விதமே வேறு. முதல் மழை வெடிப்பு வழியாக நேரே அடிக்குப் போய்விடும். நனைந்ததும் வாய் மூடிக்கொள்ளும். அப்புறம் ஊற்றுவதெல்லாம் மேலேயேதான் நிற்கும். கண்மாய் தண்ணீர் பிடிப்பதும், திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் நெல் விளைவதும் இந்த வாய்மூடலால்தான். புரட்டாசியில் மழைக்கு முன்பே புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நம் ஊர் வழக்கத்துக்கும் இதில் காரணம் உண்டு. மழை விழுந்துவிட்டால் களி வயலில் ஏரோ டிராக்டரோ இறங்க முடியாது. உழவுக்கான பதம் இரண்டு மூன்று நாள்தான், அதைத் தவறவிட்டால் சேறு, இல்லாவிட்டால் கல்.

சரி, சுண்ணாம்புக்கு வருவோம். மழைத்தண்ணீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. வழியில் பாறைகளிலிருந்து கால்சியத்தைக் கரைத்து எடுத்துவருகிறது. நிற்கிற தண்ணீர் ஆவியாகும்போதும், பாசி அந்த வாயுவை உறிஞ்சும்போதும் கரைந்திருந்த கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளைப் பொருக்குக் கட்டுமே, அதே கதை. வயலிலும் இது நடக்கிறது. இங்கே ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர், அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். அது சில அடி ஆழம் நனைத்துவிட்டு நிற்கும், பிறகு காய்ந்து மேலே போகும். வால்பாறை போல மழை கொட்டுகிற இடத்தில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டு போய்விடும். இங்கே நனைந்த ஆழத்திலேயே தங்கி, வருடா வருடம் சேர்ந்து, முண்டும் முடிச்சுமான கல்லாகத் திரள்கிறது. அதுதான் சுக்கான். மண்டபம், ராமேசுவரம் பக்கம் சுண்ணாம்பின் பிறப்பு வேறு. அங்கே பவளமும் சிப்பியும் நொறுங்கிச் சேர்ந்தது.

சுக்கான்தானா என்று சந்தேகமிருந்தால், கல்லைக் கொஞ்சம் பொடித்து எலுமிச்சம்பழச் சாற்றைச் சொட்டிக் காதருகே வைத்துப் பாருங்கள். மெல்லிய சத்தத்தோடு நுரைக்கும். பல்லாயிரம் மழைகள் கொண்டுவந்து கட்டிய கரியமில வாயு வெளியேறும் சத்தம்.

இந்தச் சுண்ணாம்பால் மண்ணின் பிஎச் 8-இலிருந்து 8.4 வரை நிற்கும். இந்த அளவில் இரும்பும் துத்தநாகமும் மண்ணில் இருந்தாலும் கரைவதில்லை. மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸைப் போட்டால் கால்சியம் பிடித்துவைத்துக்கொள்கிறது. நிலக்கடலை இளந்தளிரில் நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் இருந்தால் அது இரும்புக் குறை. நெல்லுக்குத் துத்தநாகக் குறை என்றால் எக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் போடச் சொல்வது வழக்கம். ஆனால் இலை மஞ்சள் என்றதும் யூரியா மூட்டையைத் தூக்குவதுதான் நம் பழக்கம். என் மாமாவும் அதைத்தான் செய்தார், உரக்கடையில் சொன்னதும் அதுதான். பயிர் உயர்ந்தது, மஞ்சள் அப்படியே இருந்தது.

இப்போது அந்தப் பாட்டில். களித்தகடுகள் எதிர்மின்னேற்றம் கொண்டவை. கால்சியம் அவற்றை அருகருகே பிடித்துக் கொத்துக்கொத்தாகச் சேர்க்கும். கொத்து கனமானது, ஆகவே இறங்கிவிடும், தண்ணீர் தெளியும். சோடியம் அதிகமிருந்தால் தகடுகள் தனித்தனியே விலகி மிதக்கும், தண்ணீர் கலங்கியே நிற்கும். வயலில் அந்தக் கலங்கல்தான் மண்துளைகளை அடைத்து, காய்ந்ததும் மேலே ஓடு கட்டி, முளையை அழுத்துகிறது. கடலோரத்தில் உப்புத் தண்ணீர் போர்வெல்லை நம்பிக் களி வயலுக்குப் பாய்ச்சுகிறவர்கள் இதைத்தான் விலைகொடுத்து வாங்குகிறார்கள்.

மண்ணில்தான் சுண்ணாம்பு கொட்டிக்கிடக்கிறதே, அந்தக் கால்சியம் சோடியத்தை விரட்டாதா? நியாயமான கேள்வி. சுக்கான் சாதாரணத் தண்ணீரில் கரைவதே அபூர்வம். ஜிப்சமும் கால்சியம் உள்ளதுதான், ஆனால் அதைவிட நூறு மடங்குக்கு மேல் கரையும். அதனால்தான் சுண்ணாம்பு நிலத்துக்கே ஜிப்சம் இடச் சொல்கிறார்கள். இட்டுவிட்டு நல்ல தண்ணீர் கட்டி வடிய விட வேண்டும், வடிகால் இல்லாமல் ஜிப்சம் மட்டும் போட்டுப் பயனில்லை.

2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய ராமநாதபுரம் முண்டு மிளகாய் இந்த மண்ணோடு ஒத்துப்போகிற பயிர். மழை நின்ற பிறகும் களி பிடித்துவைத்த ஈரத்தில் மாசி, பங்குனி வரை காய்க்கிறது. கண்மாயிலிருந்து அள்ளும் கரம்பையை மணற்பாங்கான நிலத்துக்கும் செவலுக்கும் அடிப்பது அருமையான வேலை. ஏற்கெனவே களியாக இருக்கும் வயலுக்கு அடிப்பது வண்டி வாடகைக்குக் கேடு. அள்ளும்போதும் படிந்ததை மட்டும் அள்ள வேண்டும். களிப்படுகையைத் தாண்டி மணல் தெரியும்வரை வெட்டினால், கண்மாய் ஓட்டைப் பானைதான்.

எங்கள் வீடும் களியில்தான் நிற்கிறது. கட்டியவர் மூன்றடி அஸ்திவாரம் போதும் என்றார். பின்பக்கம் பாத்திரம் கழுவும் குழாய், அங்கே மண் எப்போதும் ஈரம். முன்பக்கம் வேப்பமரம், அங்கே மரம் உறிஞ்சி மண் எப்போதும் காய்ச்சல். ஒரு பக்கம் ஊதி, மறுபக்கம் அமுங்கி, ஜன்னல் மூலையிலிருந்து குறுக்காக ஒரு விரிசல். ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த மாதிரி மண்ணுக்கென்றே அடியில் குமிழ் போல விரிந்த தூண்களை உருவாக்கியது. மண் ஊதிச் சுருங்குகிற மேலடுக்கைத் தாண்டி, மூன்றரை மீட்டர் போல ஆழத்துக்கு அதை இறக்குவார்கள். எனக்கு அது தெரியவந்தபோது வீட்டுக்குப் பால் காய்ச்சி நான்கு வருடம் ஆகியிருந்தது. இரண்டு முறை பூசிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். இப்போது விரிசல் ஓரத்தில் பென்சிலால் மாதம் குறித்து வைக்கிறேன். வைகாசியில் ஒரு ரூபாய்க் காசு உள்ளே போகிறது. கார்த்திகையில் காகிதம்கூட நுழையவில்லை.