ரெட்லைனிங்: சிவப்புக்கோட்டு ஒதுக்கல்

ஒரு பகுதியில் யார் குடியிருக்கிறார்கள் என்பதைப் பார்த்து, அங்குள்ள எல்லோருக்கும் வீட்டுக் கடனையும் காப்பீட்டையும் மறுப்பதே ரெட்லைனிங். விண்ணப்பித்தவரின் சம்பளம் என்ன, கடனை ஒழுங்காகக் கட்டுவாரா என்பதெல்லாம் பொருட்டில்லை. முகவரியே முடிவு செய்துவிடும்.

சொல் அமெரிக்காவில் பிறந்தது. பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், 1933இல் தொடங்கப்பட்ட வீட்டு உரிமையாளர் கடன் நிறுவனம் என்ற அரசு அமைப்பு, 1935 முதல் 1940 வரை 200க்கும் மேற்பட்ட நகரங்களைத் தரம் பிரித்து வரைபடமாக்கியது. முதல் தரம் பச்சை, அடுத்தது நீலம், பிறகு மஞ்சள், ‘ஆபத்தானது’ சிவப்பு. கறுப்பின மக்கள் வாழ்ந்த இடங்கள் பெரும்பாலும் சிவப்பில் விழுந்தன. சொல் புழக்கத்துக்கு வந்தது பிறகுதான்: 1960களின் சிகாகோவில். சமூகவியலாளர் ஜான் மெக்நைட் உருவாக்கியதாகச் சொல்வது வழக்கம்.

வரைபடம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று எழுதுவது பரவலான பிழை. அந்த நிறுவனம் தன் கடன்களில் பெரும்பகுதியை வரைபடங்கள் முடியும் முன்பே கொடுத்துவிட்டது, சிவப்புப் பகுதிகளிலும் கொடுத்தது. பெருங்கேடு செய்தது 1934இல் வந்த கூட்டரசு வீட்டுவசதி நிர்வாகம். வங்கிகள் தரும் வீட்டுக் கடனுக்கு அது அளித்த காப்புறுதியின் விதிகள் வெள்ளையர் புறநகர்களுக்கே சாதகமாக இருந்தன. 1968இன் நியாய வீட்டுவசதிச் சட்டம் இந்தப் பாகுபாட்டைத் தடைசெய்தது.

தடை வந்தாலும் அந்தப் பகுதிகளில் வெப்பம் குறையவில்லை. 108 நகரப் பகுதிகளை ஆராய்ந்து 2020இல் வெளிவந்த ஆய்வின்படி, பழைய சிவப்புப் பகுதிகளின் தரைப்பரப்பு மற்ற இடங்களைவிடச் சராசரியாக 2.6 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சுடுகிறது. மரம் குறைவு, தாரும் கான்கிரீட்டும் மிகுதி. இனநீதியும் சூழல்நீதியும் ஒரே பேச்சாவது இதனால்தான்.

தமிழில் என்ன சொல்வது? ‘செங்கோடு’ என்றால் செம்மலை என்றும் பொருள். திருச்செங்கோடுதான் நினைவுக்கு வரும். வெறும் ‘சிவப்புக் கோடு’ செய்தித்தமிழில் மீறக்கூடாத எல்லையாகிவிட்டது. ‘கடன் மறுப்பு’ என்றால் காப்பீடு விடுபடும், இடம் சார்ந்த பாகுபாடும் தெரியாது. ‘சிவப்புக்கோட்டு ஒதுக்கல்’ பொருந்துகிறது, சற்று நீளம் என்றாலும். ‘ஒதுக்கீடு’ என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. அது பங்கு தருவது, இது விலக்குவது. பகுதியைக் குறிக்க, ‘சிவப்புக்கோட்டால் ஒதுக்கப்பட்ட பகுதி’.

நகர வடிவமைப்பாளர்கள் இன்று பழைய வரைபடத்தின் மேல் வெப்பப் படத்தையும் மரநிழல் கணக்கையும் பொருத்திப் பார்த்து, முதலில் எங்கே மரம் நடுவது என்று தீர்மானிக்கிறார்கள். இடம் சரியாக அமைந்தும் வேலை கெடலாம். டெட்ராய்ட்டில் 2011–2014இல் இலவசத் தெருமரம் பெறத் தகுதியுள்ள சுமார் 7,500 குடியிருப்பாளர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் வேண்டாம் என்றார்கள். மரம் பிடிக்காமல் அல்ல. எந்த மரம் என்று யாரும் கேட்கவில்லை. உதிரும் இலையும் முறியும் கிளையும் தங்கள் தலையில்தான் விழும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மர வகையைக் குடியிருப்பவர்கள் தேர்ந்தெடுப்பதும், முதல் சில ஆண்டுகள் தண்ணீர் ஊற்றுவது யார், பிறகு கிளை கழிப்பது யார் என்று எழுதிவைப்பதும் குழி தோண்டும் முன்பே முடிந்திருக்க வேண்டும்.