240-ல எனிமி: பிள்ளைகளின் போனில் பாடம் எடுக்கப் போகிறவர்களுக்கு

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் வளரிளம் பருவப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுப்பது என் வேலை. பள்ளிப் பாடம் கொஞ்சம், உடல்நலம் கொஞ்சம், பிளஸ் டூ முடித்தால் என்ன படிக்கலாம் என்பது கொஞ்சம். இப்போது யாரைப் பார்த்தாலும், "பிள்ளைங்க எந்நேரமும் கேமு, இன்ஸ்டான்னுதானே கெடக்குதுங்க, பாடத்தையும் அதுலயே குடுத்துருங்க" என்கிறார்கள். கொடுக்கலாம், நானும் கொடுக்கிறேன். ஆனால் இறங்குவதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நம் கரையில் பல பிள்ளைகள் கையில் இருக்கிற போன் அவர்களுடையதே கிடையாது. அம்மாவுடையது, அப்பாவுடையது, சில வீட்டில் கல்யாணமாகிப் போன அக்கா விட்டுப் போனது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஊரடங்கு முடிந்த சமயம், ஆணும் பெண்ணுமாக 40 பிள்ளைகளை ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்துவிட்டேன். எல்லாம் தெரிந்த பிள்ளைகள், படிப்பு விஷயம், இதில் என்ன ஆகிவிடும் என்ற நினைப்பு. மூன்றாம் நாள் ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு பையன் குரூப்பிலிருந்து எண்ணை எடுத்து ஒரு பெண்ணுக்கு "ஹாய்" போட்டிருக்கிறான். ஒரே ஒரு ஹாய்தான். அது அவள் அம்மாவின் எண், அந்த நேரத்தில் போன் இருந்தது அப்பா கையில். மறுநாள் அவள் வரவில்லை, அடுத்த வாரமும் வரவில்லை. வீட்டுக்குப் போனபோது அம்மா வாசலிலேயே சேர் போட்டு, தண்ணீர் கொடுத்து, "நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க டீச்சர், அவுங்க அப்பாகிட்ட நான் என்னத்தச் சொல்றது" என்றார். என்னிடமும் பதில் இல்லை. அந்தப் பையனை எல்லாரும் திட்டினார்கள், ஆனால் எண்ணை எடுத்துப் பந்தி வைத்தது நான்தானே.

இப்போது குரூப்பே வைப்பதில்லை. வாட்ஸ்அப் சேனல் ஒன்று, அவ்வளவுதான். 2023-ல் வந்த வசதி, அதில் சேர்ந்தவர்களின் எண் மற்றவர்களுக்குத் தெரியாது. கேள்வி போட்டு வாக்கெடுப்பு வைத்தால் பிள்ளைகள் அதிலேயே பதிலைத் தட்டிவிடுகிறார்கள். அரட்டைக்கு வழியில்லை என்று அவர்களுக்குக் குறைதான், இருக்கட்டும்.

அடுத்தது நேரம். வெளியூரிலிருந்து பயிற்சி கொடுக்க வருகிறவர்கள் தினமும் மாலை ஆறரைக்கு ஆன்லைன் குவிஸ் என்று அட்டவணை போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். விசைப்படகு கடலுக்குப் போகிற நாளில் அப்பாவோடு போனும் கடலுக்குப் போய்விடும் என்பது அவர்களுக்கு எங்கே தெரியும்? கடலுக்குப் போக மீன்துறை டோக்கன் கொடுக்காத நாளில், அப்பா அசந்து தூங்குகிற மத்தியானத்தில்தான் பல பையன்களுக்கு போன் கிடைக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அதற்குள்ளேயே பள்ளி விடுமுறையும் வந்துவிடும், அப்போது வீட்டில் ஒரு போனுக்கு நான்கு பேர் போட்டி. அதனால் நான் கேள்விகளை ஒரு நாள் முழுக்கத் திறந்தே வைக்கிறேன். யாருக்கு எப்போது போன் கிடைக்கிறதோ அப்போது போடட்டும்.

காசு விஷயம் சுருக்கமாக. பணம் கட்டிப் பணம் ஜெயிக்கிற ஆன்லைன் விளையாட்டுகளை 2025-ல் பாராளுமன்றமே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் கேமில் காசு கொடுத்து டைமண்ட் டாப்-அப் செய்வது அந்தக் கணக்கில் வராது, ஆனாலும் அதுவும் அம்மாவின் ஜிபே-யில் இருந்துதான் போகிறது, அம்மாவுக்கு அது மாசக் கடைசியில்தான் தெரியும். பிஜிஎம்ஐ என்கிற துப்பாக்கிச் சண்டை கேமில் 18 வயதுக்குக் கீழே ஒரு நாளைக்கு 3 மணி நேரம்தான் என்று வரம்பு உண்டு, ஆனால் கணக்கு மாமா பெயரிலோ அண்ணன் பெயரிலோ இருந்தால் அந்த வரம்பு யாருக்கு? இன்ஸ்டாகிராமும் அப்படித்தான். உண்மையான பிறந்த தேதி கொடுத்த பிள்ளைக்குக் கணக்கு தானாகவே பிரைவேட் ஆகும், தெரியாதவன் மெசேஜ் அனுப்ப முடியாது. நம் பிள்ளைகள் பாதிப் பேர் 2000-ல் பிறந்ததாகப் போட்டு வைத்திருக்கிறார்கள்! நான் நடத்துகிற முதல் வகுப்பே அந்தத் தேதியைச் சரிபார்ப்பதுதான்.

நமக்கும் வரம்பு வேண்டும். எங்கள் இன்ஸ்டா பக்கத்தின் பாஸ்வேர்ட் இரண்டு பேரிடம் இருக்கிறது, எந்தப் பிள்ளைக்குப் பதில் எழுதினாலும் இன்னொருவர் பார்க்கலாம். சொந்தக் கணக்கில் பிள்ளைகளை ஃபாலோ செய்வதில்லை. போட்டோவை வைத்து யாராவது மிரட்டுவதாக ஒரு பிள்ளை சொன்னால் அங்கே அறிவுரை சொல்லிக்கொண்டிருக்காமல் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போடுகிறோம்.

சரி, இவ்வளவு தொல்லையில் பாடம் நடக்குமா என்றால், நடந்த ஒன்றைச் சொல்கிறேன். போன வருஷம் பாம்பனில் குந்துகால் பக்கம், கரையில் ஏற்றி வைத்த வள்ளத்தில் சாய்ந்துகொண்டு ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருத்தன் பிஜிஎம்ஐ விளையாடிக்கொண்டிருந்தான். ஒரு காதில் இயர்போன், இன்னொரு காது அம்மா கூப்பிடுகிறார்களா என்று கேட்பதற்காகச் சும்மா இருந்தது. "மச்சி, 240-ல எனிமி, கல்லுக்குப் பின்னாடி" என்றான். பாகைமானியைத் தலைகீழாகப் பிடிக்கிற பையன் இவன். ஆட்டத்தின் திரையில் தெரிகிற, வடக்கை 0 என்று வைத்துக் கடிகாரச் சுற்றில் 360 வரை போகிற திசைக்கோணத்தை, ஓடிக்கொண்டே, அரை நொடியில் படிக்கிறான்.

ஆட்டம் முடியும்வரை காத்திருந்தேன் (நடுவில் பேசினால் மரியாதை போய்விடும்). அப்புறம் கேட்டேன்: "நீ அவன 240-ல பாத்தேல்ல, அவன் உன்னைப் பாத்தா எத்தனைல தெரிவ?"

மணலில் விரலால் ஒரு கோடு இழுத்தான், தலையைச் சாய்த்துப் பார்த்தான். "60, அக்கா." எப்படி என்றதற்கு, "அப்படியே திருப்பிப் போட்டேன்" என்றான். 180-ஐக் கழித்திருக்கிறான், அதற்குப் பெயர்தான் தெரியவில்லை.

அந்த வாரக் கேள்வியாக இதையே சேனலில் போட்டோம், ஆட்டத்திலிருந்து கடலுக்கு மாற்றி: குந்துகாலில் இருந்து 160-ல் நேராகப் போன வள்ளம், திரும்பி வர எந்தத் திசைக்கோணம் பிடிக்க வேண்டும்? வழக்கமாகக் கேள்வியைத் திறந்துகூடப் பார்க்காத பையன்கள் எல்லாம் 340 என்று தட்டியிருந்தார்கள். எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் அந்தப் பையனின் அப்பா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே என்னைக் கூப்பிட்டார். போன் அவருடையது என்பதால் கேள்வியை அவரும் பார்த்திருக்கிறார். "340-ன்னு எழுதிருக்கானே, மேக்க இருந்து கச்சான் காத்து அடிக்கிற காலத்துல அதைப் புடிச்சு வந்தா கெழக்க தள்ளி விட்டுரும்மா. கொஞ்சம் மேக்க புடிச்சுத்தான் வரணும். காத்தையும் நீரோட்டத்தையும் சேத்துக் கேளுங்க" என்றார்.

எவ்வளவு மேற்கே என்று கேட்டேன். ஊசியை வலையில் குத்தி வைத்துவிட்டு, மகன் கையிலிருந்த போனை வாங்கி, திரையில் விரல் வைத்துக் காட்ட ஆரம்பித்தார். அடுத்த வாரக் கேள்வி அவர் கொடுத்தது.