பிரபல ரவுடி, பிரபல கலாச்சாரம்: ஒரு சொல் விளக்கம்

போன மாதம் ஒரு மொழிபெயர்ப்பு மெய்ப்புப் பார்க்க வந்தது. அமெரிக்கக் கல்லூரி மாணவி ஒருத்தி எழுதிய கட்டுரை. பனி உருகிப் புல் தலைகாட்டும் நாட்களில் கல்லூரிக்குள்ளேயே சுற்றி வருகிறாள். நடந்தபடி, தான் பார்க்கிற தொடர்களையும் கேட்கிற பாட்டுகளையும் பற்றி யோசிக்கிறாள். அவ்வளவுதான் விஷயம். தமிழில் தலைப்பு இப்படி இருந்தது: ‘வசந்தகால வளாக நடைப்பயணங்களும் பிரபலமான கலாச்சாரத்தின் மீதான சிந்தனைகளும்.’

நடைப்பயணம் என்றதும் தலையில் துண்டு கட்டிய அரசியல் தலைவர் ஒருவரும், பின்னால் ஒலிபெருக்கி வைத்த வேனும்தான் எனக்குக் கண்ணில் வந்தன. அந்தப் பெண் பாவம், சும்மா காலாற நடக்கப் போனவள். சரி, அதை அடித்துத் திருத்திவிடலாம். அடுத்த சொல்லில்தான் பேனா நின்றது. பிரபலமான கலாச்சாரம்.

இதை நான் பார்ப்பது முதல் தடவையாக இருந்தால் இவ்வளவு எழுத மாட்டேன். கருத்தரங்க அழைப்பிதழில் பார்த்தேன், படங்களுக்கு அடியில் ஓடும் வரிகளில் பார்த்தேன், பாடத்திட்டத்தில்கூடப் பார்த்தேன். ‘பிரபல கலாச்சாரம்’, ‘பிரபலக் கலாச்சாரம்’, ‘பிரபலமான கலாச்சாரம்’ என்று உடை மட்டும் மாறும்.

முதலில் சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் பாப்புலர் கல்ச்சர். செல்லமாகப் பாப் கல்ச்சர். பாப்புலருக்கு வேர், மக்கள் என்று பொருள்படும் ‘பொப்புலுஸ்’ என்கிற லத்தீன் சொல். கல்ச்சருக்கு வேர் உழுது பயிரிடுவது. அக்ரிகல்ச்சரில் ஒட்டிக்கொண்டிருப்பதும் அதுதான். தமிழில் நிலத்தைப் பண்படுத்துகிறோம், மனத்தையும் பண்படுத்துகிறோம். கல்ச்சருக்குப் பண்பாடு என்ற சொல்லைப் புழக்கத்தில் விட்டவர் ரசிகமணி டி.கே.சி. என்று வையாபுரிப்பிள்ளை எழுதியிருக்கிறார். ‘பண்பெனப்படுவது பாடறிந்து ஒழுகல்’ என்ற கலித்தொகை வரியில் பண்பும் பாடும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. வேரைப் பற்றி இது போதும்.

இப்போது பிரபலத்துக்கு வருவோம். வடமொழியில் பிரபலம் என்றால் மிகுந்த வலிமை. தமிழுக்கு வந்து நாளடைவில் பேர்பெற்றது, ஊரறிந்தது என்று ஆகிவிட்டது. பிரபல நகைக்கடை, பிரபல பின்னணிப் பாடகி. நாளிதழைத் திறந்தால் ‘பிரபல ரவுடி கைது’. கவனியுங்கள், அந்த ரவுடியை யாருக்கும் பிடித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. பேர் தெரிந்தால் போதும். பன்மையில் ‘பிரபலங்கள்’ என்றால் கல்யாண வரவேற்பில் மேடையேறி ஃபோட்டோ எடுத்துக்கொள்கிறவர்கள். ஆகவே தமிழ்க் காதுக்குப் ‘பிரபல கலாச்சாரம்’ இரண்டில் ஒன்றாகத்தான் கேட்கும். ஒன்று, நட்சத்திரங்கள் வாழும் வாழ்க்கை. இன்னொன்று, கிரேக்கக் கலாச்சாரம், எகிப்தியக் கலாச்சாரம் மாதிரி உலகப் புகழ் பெற்ற ஏதோ ஒன்று. அந்த மாணவி யோசித்தது இரண்டையும் அல்ல. மூன்றாவதாகக் குண்டர் சட்டத்தில் உள்ளே போகவேண்டிய கலாச்சாரம் என்றும் பொருள் கொள்ளலாம். சில படங்களுக்கு அது பொருந்தும்.

பாப்புலர் என்பதற்குப் பலருக்கும் பிடித்தது என்று பொருள் உண்டுதானே என்பார்கள். உண்டு. ஆனால் அது ஒரு பொருள்தான். பிரிட்டனின் பண்பாட்டு ஆய்வாளர் ரேமண்ட் வில்லியம்ஸ் இந்தச் சொல்லைப் பிரித்து வைத்துக் காட்டியிருக்கிறார்: பலருக்குப் பிடித்தது, மட்டமானது என்று மேலிருந்து பார்க்கப்படுவது, பிடிக்க வேண்டும் என்றே குறிவைத்துச் செய்யப்படுவது, மக்கள் தாங்களே தங்களுக்காகச் செய்துகொள்வது. நான்கிலும் நடுவே நிற்பது மக்கள். பிரபலமான என்று எழுதிய நொடியில் அந்த மக்கள் காணாமல் போய்விடுகிறார்கள். எத்தனை பேருக்குத் தெரியும் என்பதைப் பாப்புலர் என்ற சொல் கேட்கவில்லை, யாருடையது என்று கேட்கிறது.

யாருடையது என்பதற்கு ஒரு சுத்தியலைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். 2019 மே மாதக் கடைசியில், பாகிஸ்தானைச் சேர்ந்த கட்டடப் பொறியியல் ஃபேஸ்புக் பக்கம் ஒன்றில் ஒரு சுத்தியல் படத்தைப் போட்டு, இதை உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டார்கள். பாருங்கள், அதுவும் ஒரு சொல் விளக்கம்தான்! ஒரு தமிழர் போய், சுத்தியல் என்றும், இது தலையில் விழுந்துதான் காண்ட்ராக்டர் நேசமணிக்கு அடிபட்டது என்றும் பதில் எழுதினார். நேசமணி 2001இல் வந்த படத்தில் வடிவேலு நடித்த பாத்திரம். நேசமணிக்காகப் பிரார்த்திப்போம் என்று ட்விட்டரில் ஆரம்பித்தார்கள். பிரதமர் பதவியேற்பு நடந்த நாளில் அதையும் தாண்டி உலக அளவில் அது ஓடியது. படம் தயாரிப்பாளருடையது. வடிவேலு பிரபலம். ஆனால் 18 வருஷம் கழித்து அந்தச் சுத்தியலை எடுத்து மறுபடி போட்டது யார்? மருத்துவமனை அறிக்கை எழுதியது யார்? பேர் தெரியாத ஆயிரக்கணக்கான ஆட்கள். அந்தப் பேர் தெரியாதவர்கள் செய்த காரியத்துக்குப் பிரபல கலாச்சாரம் என்று பேர் வைப்பது அநியாயம்.

இந்த நியாயத்தை நான் முதலில் சொன்னது, கூட நடந்துவந்த ஒரு தமிழாசிரியரிடம். ஓய்வு பெற்றவர். சித்திரை மாத மாலை. இடம் தாம்பரத்தில் சென்னைக் கிறித்துவக் கல்லூரி. 1937இல் ஜார்ஜ் டவுனிலிருந்து இங்கே வந்த கல்லூரி. புதர்க்காட்டோடு சேர்த்து ஏறத்தாழ 365 ஏக்கர், அதனால் ஒரு சொல்லைப் பற்றிச் சண்டை போட்டு முடிக்கும் அளவுக்குப் பாதை இருக்கிறது. பழைய கணக்குப்படி சித்திரையும் வைகாசியும் இளவேனில். அந்தக் கணக்குப் போட்டவர்கள் ஏப்ரலில் தாம்பரத்துக்கு வந்ததில்லை. சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. இருந்தாலும் சரக்கொன்றை தன் கடமையைச் செய்திருந்தது. மஞ்சள் கொத்துகளுக்கு அடியில் இரண்டு பையன்கள் தேர்வுக் குறிப்புகளைத் தரையில் வைத்துவிட்டு, ஒரே கைப்பேசியில் ஒரு சண்டைக் காட்சியை மூன்றாம் தடவை ஓடவிட்டார்கள். “மாஸ்டா” என்றான் ஒருவன்.

இந்த மாஸும் கணக்கில் வரவேண்டிய சொல். ஆங்கிலத்தில் திரளைக் குறித்த சொல் தமிழில் பெயரடையாகி, திரளைக் கைதட்ட வைக்கும் தனி ஆளைக் குறிக்க வந்துவிட்டது. மாஸ் ஹீரோ, மாஸ் என்ட்ரி. எந்தக் குழுவும் கூடி இதை முடிவு செய்யவில்லை.

ஐயாவுக்குப் ‘பிரபல’ பிடிக்கவில்லை என்பதில் எங்களுக்குள் சண்டை இல்லை. ஆனால் நான் சொன்ன ‘வெகுமக்கள் பண்பாடு’ அவருக்கு ஆகவில்லை.

“வெகு எங்கிருந்து வந்தது தம்பி? பகு. வடசொல். வடசொல்லைத் துரத்திவிட்டு இன்னொரு வடசொல்லை நடுவீட்டில் உட்கார வைக்கிறீர்களே.”

“வெகுநாளாக இங்கேதானே ஐயா இருக்கிறது” என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அவர் முன்வைத்தது பொதுமக்கள் பண்பாடு. தூய்மையில் குறை சொல்ல முடியாது. ஆனால் பொதுமக்கள் என்பவர்கள் யார்? ரேஷன் கடைப் பலகையிலும் காவல்துறை அறிவிப்பிலும் வருகிறவர்கள். பொதுமக்கள் கவனத்திற்கு. பொதுமக்களுக்கு இடையூறாக. அவர்கள் வரிசையில் நிற்பார்கள், மனுக் கொடுப்பார்கள், அவதிப்படுவார்கள். பாட்டைக் கேட்டுவிட்டு வரியை மாற்றிப் பாடி நக்கல் அடிப்பதை நம் செய்திகளில் பொதுமக்கள் செய்ததே இல்லை. அரசு பார்க்கிற பார்வையில் தெரிகிற ஜனத்துக்குப் பேர் பொதுமக்கள். போதாக்குறைக்கு, பப்ளிக் கல்ச்சர் என்று ஆய்வாளர்கள் தனியாக ஒன்று வைத்திருக்கிறார்கள். நாளைக்கு அதற்குச் சொல் தேட வேண்டிவரும்.

அப்படியானால் பெருமக்கள்? வேண்டவே வேண்டாம். அவையில் முதல் வரிசையில் பொன்னாடைக்குக் காத்திருப்பவர்கள் சான்றோர் பெருமக்கள். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கி நம்மை வாக்காளப் பெருமக்கள் ஆக்குகிறது. வெறும் ‘மக்கள் பண்பாடு’ என்றால்? அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மக்கள் கலை என்றாலே பறை, வீதி நாடகம், இடதுசாரி மேடை என்று ஒரு வரலாறு அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. நாட்டார் என்பதை நாட்டுப்புற ஆய்வு எடுத்துக்கொண்டுவிட்டது. அதை அவர்களிடமிருந்து பிடுங்கக் கூடாது. பாப் இசைக்குச் சிலர் எழுதும் ‘பரப்பிசை’யிலிருந்து ‘பரப்புப் பண்பாடு’ என்று ஒன்றை இழுக்கலாம் என்றும் ஐயா யோசித்தார். பரப்புவது யார் என்று கேட்டேன். நோயும் வதந்தியும்தான் பரப்பப்படும். இலங்கைத் தமிழர்கள் இந்த வம்பே இல்லாமல் பொப் என்று எழுதி, பாடகர் ஏ. ஈ. மனோகரனைப் பொப்பிசைச் சக்கரவர்த்தி ஆக்கிவிட்டுப் போய்விட்டார்கள். இசை வகைக்கு அது சரி. பொப் பண்பாடு, பாப் கலாச்சாரம் என்று நீட்டினால் கிடாரும் பளபளப்புச் சட்டையும் மட்டும் உள்ளே வரும். வடிவேலு வெளியே நிற்பார்.

வெகுசனம் என்ற பழகிய சொல்லே இருக்கிறதே, அதை ஏன் விட வேண்டும் என்று கேட்டால், அது ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. வெகுசன ஊடகம், வெகுசனப் பத்திரிகை. மாஸ் மீடியா என்பதற்கு நேராக உட்கார்ந்துவிட்ட சொல். மாஸ் கல்ச்சரையும் அதற்கே கொடுத்துவிடலாம்: ஒரே அச்சில் வார்த்து மேலிருந்து கொட்டப்படுவது. ஜெர்மன் சிந்தனையாளர்கள் அடோர்னோவும் ஹோர்க்ஹைமரும் அந்தப் பெயரைக்கூட ஒத்துக்கொள்ளாமல், இது திரளிடமிருந்து கிளம்பியது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகக் கலாச்சாரத் தொழில் என்று மாற்றினார்கள். அவர்களுக்கு இருந்த எச்சரிக்கை நமக்கும் இருக்கட்டும். கொட்டப்படுவது வெகுசனப் பண்பாடு. கொட்டியதை எடுத்து மக்கள் தங்களுடையதாக ஆக்கிக்கொள்வது வெகுமக்கள் பண்பாடு. மயிர் பிளக்கிற வேலை என்று ஐயா சொன்னார். இருக்கலாம். மெய்ப்புப் பார்ப்பவனுக்கு வேறு என்ன வேலை?

என் பக்கத்திலும் ஓட்டை இல்லாமல் இல்லை. பண்பாடு என்ற சொல்லிலேயே ஒரு வெள்ளை வேட்டி இருக்கிறது. பண்பாடு இல்லாதவன் என்றால் வசவு. நாளிதழ்களில் கெட்டதெல்லாம் கலாச்சாரம் ஆகும், நல்லதெல்லாம் பண்பாடு ஆகும்: பேனர் கலாச்சாரம், துப்பாக்கிக் கலாச்சாரம், கட்அவுட் கலாச்சாரம். பேனர் பண்பாடு என்று யாரும் எழுதிப் பார்த்ததில்லை. ஆகவே குத்துப்பாட்டையும் மீமையும் பண்பாடு என்றால் பல பெரியவர்களுக்கு நெஞ்சு அடைக்கும். அடைக்கட்டும் என்றுதான் நான் சொல்வேன். ‘வழக்கெனப் படுவது உயர்ந்தோர் மேற்றே’ என்று தொல்காப்பியத்திலேயே அந்த வாசலில் பூட்டுப் போட்டிருக்கிறது. பாப்புலர் கல்ச்சர் என்ற துறையே அந்தப் பூட்டைத் திறக்கத்தான் வந்தது. சொல்லிலேயே மறுபடியும் பூட்டினால் எப்படி?

மொழிபெயர்ப்பாளர்கள் மேல் எனக்கு இருக்கிற கோபம் இந்த ஒரு தொடரோடு நிற்பதில்லை. ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். பாப்புலர் எங்கே வந்தாலும் பிரபலம். மக்கள் கிளர்ச்சியைப் பிரபலமான எழுச்சி என்று எழுதியதை என் கையால் அடித்திருக்கிறேன். 2016 அமெரிக்கத் தேர்தலில் ஹிலாரி கிளிண்டன் 28 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் கூடுதலாக வாங்கித் தோற்றார். மொத்த மக்கள் வாக்கு வேறு, மாநிலவாரித் தேர்வாளர் வாக்கு வேறு என்பதுதான் அந்தச் செய்தியின் உயிர். ‘அவர் பிரபலமான வாக்கில் வென்றார்’ என்று ஒருவர் தமிழில் தந்தார். யாருடைய பிரபலமான வாக்கு, ரஜினியுடையதா? இயந்திரம் செய்தது என்று இப்போது ஒரு சாக்கும் கிடைத்துவிட்டது. இயந்திரம் இந்தத் தப்பை யாரிடம் கற்றது என்று கேட்டால் பதில் வராது.

திரும்பி வரும் வழியில் இருட்டத் தொடங்கியது. பாதை ஓரத்தில் பெரிய மரம் ஒன்று இலைகளை மடக்கிக்கொண்டிருந்தது. தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த மரம். ஆங்கிலத்தில் மழை மரம். “இதுக்குத் தமிழில் என்ன ஐயா?” என்றேன், தெரிந்துகொண்டே.

“தூங்குமூஞ்சி.”

“யார் வைத்த பேர்?”

கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். “அதுக்காக வெகுவை ஒத்துக்கொள்ள முடியாது” என்றார்.

மறுநாள் மெய்ப்பில் தலைப்பை அடித்து, ‘கல்லூரிக்குள் காலாற நடக்கையில்: வெகுமக்கள் பண்பாடு பற்றிச் சில யோசனைகள்’ என்று எழுதி, ஓரத்தில் நான்கு வரிக் காரணமும் சேர்த்து அனுப்பினேன். போன வாரம் அச்சுப் பிரதி வந்தது. நடைப்பயணம் போயிருந்தது, அந்த மட்டும் சந்தோஷம். கீழே, தடித்த எழுத்தில்: ‘பிரபலமான வெகுமக்கள் கலாச்சாரம்’.